ஏழாம் நாள்

டான்சில் எடுத்த ஆளை வார்டில் கொண்டுவந்து படுக்க வைத்ததும் எல்லாரும் வாயைப் பார்ப்பார்கள். நான் கழுத்தைப் பார்ப்பேன். நன்றாகத் தூங்குகிறவன் எப்போதாவதுதான் எச்சில் விழுங்குவான். குரல்வளை மேடு சும்மா சும்மா ஏறி இறங்கினால் உள்ளே போவது எச்சில் இல்லை. 1974இல், நர்சிங் படிப்பின் இரண்டாம் மாதத்தில் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மலையாளி வார்டு சிஸ்டர். "கொச்சே, ரத்தம் வெளியே வரட்டும்னு காத்திருக்காதே. மயக்கத்தில் இருக்கிற ஆள் எல்லாத்தையும் விழுங்கிடும். வயிறு நிறைஞ்ச பிறகு ஒரே வாந்தியா வரும். அப்போ நீ பார்த்து என்ன, பார்க்காம என்ன?" என்பார். ராத்திரி டியூட்டியில் டார்ச் விளக்கை நோயாளியின் முகத்தில் அடிக்காமல் போர்வை மேல் சாய்த்துப் பிடித்து, அந்தச் சிறு வெளிச்சத்தில் கழுத்தை எண்ணச் சொல்லுவார். நாடியையும் எண்ணணும். நாடி ஏறிக்கொண்டே போனால், சார்ட்டில் எழுதிவிட்டு உட்காரக் கூடாது, டாக்டரை எழுப்பணும்.

நாகர்கோவில் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் 26 வருஷம் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் காது மூக்கு தொண்டைத் தியேட்டர். 2000ஆம் ஆண்டுக் கடைசியில், பிள்ளைகள் படிப்புக் கடனை அடைக்க, இங்கிலாந்தின் வடக்கே ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கே போனாலும் என்னைத் தொண்டைப் பக்கமே தள்ளினார்கள். ஆகவே இந்த ஆபரேஷனின் பழங்கதையைத் தேடித் தேடிப் படிக்கும் பழக்கம் வந்தது. புத்தகங்கள் அதைக் கத்தி, கொக்கி, கத்தரி என்று கருவிகளின் கதையாகச் சொல்கின்றன. வார்டில் நின்றவளுக்கு அது அப்படித் தோன்றவில்லை. டான்சிலை அறுக்கிறது என்றைக்கும் பெரிய வித்தையாக இருந்ததில்லை. அறுத்த பிறகு ரத்தத்தை நிறுத்துவதும் வலியை ஆற்றுவதும்தான் பாடு. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. ஒன்றைப் பிடித்து அமுக்கினால் மற்றது தலை தூக்கும்.

எங்கள் ஊரில் தொண்டை கட்டினால் "உள்நாக்கு வளர்ந்திருக்கு" என்பார்கள். உள்நாக்கு வேறு, டான்சில் வேறு. ஊருக்கு இரண்டும் ஒன்றுதான். என் ஆச்சி மிளகையும் உப்பையும் பொடித்து, தேனில் குழைத்து, ஆள்காட்டி விரலில் அப்பி, நான் கத்துவதற்குள் தொண்டைக்குள் விட்டு ஒரு அழுத்து அழுத்துவாள். கண்ணில் தண்ணீர் கொட்டும். பிற்பாடு சுஸ்ருத சம்ஹிதையின் தமிழாக்கம் ஒன்றைப் புரட்டும்போது சிரிப்பு வந்தது. உள்நாக்கு வளர்ச்சியை வெட்டச் சொல்லும் இடத்தில், வெட்டிய புண்ணில் தேய்க்க வேண்டிய மருந்துப் பட்டியலில் மிளகும் தேனும் உப்பும் இருக்கின்றன. துண்டிகேரி என்று அந்த நூல் சொல்லும் டான்சில் வீக்கத்துக்கும் அதே முறைதான். அதைவிட எனக்குப் பட்டது அங்கே உள்ள எச்சரிக்கை: அளவுக்கு மேல் வெட்டாதே, ரத்தம் பெருகி ஆள் சாவான், குறைவாக வெட்டினாலும் வீக்கமும் எச்சில் வடிதலும் மிஞ்சும். அத்தனை பழைய காலத்திலேயே யாரோ ஒருவர் கண் முன்னால் ஒரு நோயாளி ரத்தம் விழுங்கிச் செத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்.

ரோமாபுரியின் செல்சஸ், முதல் நூற்றாண்டில், விரலாலேயே டான்சிலைச் சுற்றிலும் கிளறி வெளியே எடுக்கச் சொன்னார். வராவிட்டால் கொக்கியில் மாட்டி அறுக்கணும். பிறகு புளித்த காடியால் கழுவி, ரத்தம் கட்டும் மருந்தைத் தடவணும். மயக்க மருந்து கிடையாது. ஆறாம் நூற்றாண்டில் அமிடா நகரத்து ஏஷியஸ் இன்னும் பயந்தவர். வெளியே துருத்திக்கொண்டிருக்கிற பகுதியை மட்டும் எடு, முழுசாகத் தோண்டினால் ரத்தம் நிற்காது என்றார். அடுத்த நூற்றாண்டில் ஏஜினா தீவுக்காரர் பால் எழுதியதைத்தான் நான் படம் போல் மனதில் வைத்திருக்கிறேன். நோயாளியை வெயிலுக்கு எதிரே உட்கார வை, ஒருவன் தலையைப் பிடிக்கட்டும், இன்னொருவன் நாக்கை அழுத்தட்டும் என்கிறார். 1970களில் எங்கள் தியேட்டரில் பெரிய ஆட்களுக்கு டான்சில் எடுத்தது ஏறக்குறைய அப்படித்தான். வெயிலுக்குப் பதில் டாக்டர் நெற்றியில் கண்ணாடி, அதற்கு வெளிச்சம் தர நோயாளியின் தோளுக்குப் பின்னால் ஒரு பல்பு. தலையைப் பிடிக்கிறவள் நான்.

டான்சில் கொட்டைப் பாக்கு அளவே இருந்தாலும் அதற்கு நாலைந்து பக்கத்திலிருந்து ரத்தக் குழாய்கள் வருகின்றன. முகத்துக்குப் போகும் தமனியின் கிளை ஒன்று, நாக்குத் தமனியின் கிளை ஒன்று, அண்ணத்துக்கு வருகிறவை, தொண்டைச் சுவருக்கு ஏறுகிறது. இவை போதாதென்று டான்சில் படுக்கையின் மேல் ஓரத்திலிருந்து இறங்கும் ஒரு சிரை. ஆபரேஷனில் அதிகம் ரத்தம் விடுவது பெரும்பாலும் அந்தச் சிரைதான் என்று எங்கள் பெரிய டாக்டர் சொல்வார். மூளைக்குப் போகும் பெரிய தமனி அங்கிருந்து சுமார் 2.5 சென்டிமீட்டர் பின்னால். இரண்டரை சென்டிமீட்டர் என்பது நம் கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இத்தனையும் இருட்டுக் குகைக்குள். கையில் வெட்டுப்பட்டால் கட்டுப் போடலாம், காலில் பட்டால் அமுக்கிப் பிடிக்கலாம். தொண்டையில் கட்டுப் போட்டால் மூச்சு விட வழி?

அதனால்தான் ஐரோப்பாவில் நெடுங்காலம் டான்சிலைச் சுருக்குப் போட்டு அழுக விட்டார்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான்; பிலடெல்பியாவில் இருந்த பிலிப் சிங் ஃபிசிக் கம்பிச் சுருக்கை டான்சிலின் அடியில் மாட்டிப் பல மணி நேரம் இறுக்கி வைப்பார். ரத்தம் வராது. ஆனால் நோயாளி அந்த நேரம் முழுக்கக் கம்பியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு துடிப்பான். ரத்தத்தை அமுக்கினார், வலி தலை தூக்கியது. இதைப் பொறுக்காமல் உள்நாக்கு வெட்டுகிற கருவியை மாற்றி அமைத்து, 1828இல் ஒரு வெட்டுக் கருவியை அறிவித்தார். வளையத்துக்குள் டான்சிலை நுழைத்து, அலகைத் தள்ளினால் ஒரே வெட்டு. சில விநாடி வேலை. லண்டனில் தொண்டைக்கென்றே தனி ஆஸ்பத்திரி திறந்த மாரல் மெக்கன்ஸி அதைச் செம்மை செய்ததும் கில்லட்டின் என்ற பெயரில் அது ஊர் ஊராகப் போனது. வலி சுருங்கியது, ரத்தம் திரும்பி வந்தது. ரத்தத்துக்கு மெக்கன்ஸியின் மருந்து துவர்ப்புச் சத்துக்களான டானிக் அமிலமும் காலிக் அமிலமும் கலந்த கரைசல். அதைக் கொப்பளித்தால் போதாது, மெல்ல மெல்ல உறிஞ்சி விழுங்கணும். நம் கடுக்காய் குணம்தான். கடுக்காய்த் தண்ணீர் வாயில் பட்டால் நாக்கு சுருங்குமே, அந்தச் சுருக்கத்தில் ரத்தக் குழாயும் மூடும் என்று நம்பிக்கை.

1846இல் ஈதர் வந்தது, அடுத்த வருஷம் குளோரோபாம். வலி தீர்ந்தது என்று உலகமே கொண்டாடியது. தொண்டை டாக்டர்கள் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. மயங்கிக் கிடக்கிறவன் இருமித் துப்ப மாட்டான், ரத்தம் நேரே நுரையீரலுக்குப் போகும். விழித்திருக்கிற நோயாளிக்கு வலி; மயங்கிய நோயாளிக்கு மூச்சடைப்பு. எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஆகவே 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கோகெயினைக் கண்ணில் விட்டு மரத்துப்போக வைத்துக் காட்டியதும், கண் டாக்டர்களுக்கு அடுத்தபடி அதைப் பிடித்துக்கொண்டவர்கள் மூக்கு தொண்டைக்காரர்கள்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு புது நம்பிக்கை பரவியது. உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் சீழ்தான் மூட்டுவலிக்கும் இதய நோய்க்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் காரணம் என்று சிகாகோவின் ஃபிராங்க் பில்லிங்ஸ் போன்றவர்கள் சொன்னார்கள். பல்லையும் டான்சிலையும் கும்பல் கும்பலாகப் பிடுங்கினார்கள். முழங்கால் வலி என்று வந்த பெரியவர்கள் டான்சில் இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். முழங்கால் வலி கூடவே போனது. அந்த நம்பிக்கை பொய்த்தாலும் ஆபரேஷன் முறையை அது மாற்றிவிட்டது. மேலாக வெட்டினால் மிச்சத்தில் சீழ் இருக்குமே, உறையோடு வேர் வரை எடுக்கணும் என்றார்கள். 1910இல் நியூகாசிலில் விலிஸ், பைபஸ் என்ற இருவர் கில்லட்டினாலேயே முழு டான்சிலை உரித்தெடுக்கும் வழியை எழுதினார்கள். ஏஷியஸ் கூடாதென்று சொன்னதை ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து எல்லாரும் செய்யத் தொடங்கினார்கள்.

செய்ய முடிந்ததற்குக் காரணம் ஒரு வாய்க் கருவி. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் சாமுவேல் குரோவும் கூட இருந்தவர்களும் 1917இல் ஆயிரம் டான்சில் ஆபரேஷன்களின் கணக்கை வெளியிட்டார்கள். நோயாளி மல்லாந்து, தலை தொங்க, ஈதர் மயக்கத்தில். வாயைத் திறந்து நாக்கைக் கீழே அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டம் ஒன்று. கத்தியை அவசரமாக ஓட்டாமல், உறையைப் பார்த்துப் பார்த்து உரித்து, ரத்தம் விடும் ஒவ்வொரு குழாயையும் தனியே பிடித்து நூலால் முடிந்தார்கள். இங்கிலாந்தின் பாயில் என்பவர் மாற்றி அமைத்த அந்தச் சட்டத்தைத்தான் பாயில் டேவிஸ் கேக் என்று நாங்கள் அரை நூற்றாண்டு கழித்தும் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தோம். தலைகீழாகத் தொங்கும்போது ரத்தம் மூக்குக்குப் பின்னால் தேங்கும், நுரையீரலுக்குப் போகாது. ஆனால் ஆபரேஷன் முடிந்ததும் அண்ணத்துக்குப் பின்னால் தேங்கிய கட்டியை உறிஞ்சி எடுக்க மறந்தால், நோயாளி எழும்போது அது நழுவிக் குரல்வளையை அடைக்கும். இங்கிலாந்தில் அந்தக் கட்டிக்கு ஒரு பெயர் உண்டு: மரண விசாரணை அதிகாரியின் கட்டி. எல்லாம் முடிந்த பிறகு அவர்தான் அதைக் கண்டுபிடிப்பாராம்.

நான் சொன்ன அந்த நாற்காலி ஆபரேஷனைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன். 1981 என்று நினைவு. முப்பது வயசு லாரி டிரைவர், வருஷத்துக்கு ஆறேழு தடவை தொண்டை பழுத்துக் காய்ச்சலில் விழுகிறவர். பெரிய ஆட்களுக்கு மயக்கம் கொடுக்காமல் செய்வதே அன்றைக்கு வழக்கம். முக்கால் மணி முன்னால் பெத்திடின் ஊசி. பிறகு வாயில் லிக்னோகெயின் தெளித்து, அட்ரினலின் கலந்த லிக்னோகெயினை டான்சிலின் பின்னால் நாலு இடத்தில் போடுவோம். ஊசி போட்டதும் சிவந்த சதை வெளுத்துப் போகும். டிரைவர் கையில் கிட்னி ட்ரே. "துப்பணும்னா துப்புங்க அண்ணே, விழுங்கக் கூடாது" என்று நான். பெரிய டாக்டர் டான்சிலைப் பிடித்து நடுப்பக்கம் இழுத்து, முன் மடிப்பைக் கீறி, பிரிப்பானால் உரித்துக்கொண்டே கீழே போவார். அடியில் ஒரு தண்டு மட்டும் மிஞ்சும்போது கம்பிச் சுருக்கை மாட்டி மெல்ல இறுக்குவார். அந்தச் சுருக்கு நசுக்கி நசுக்கி வெட்டும். கூர்க்கத்தி போல் சுத்தமாக வெட்டினால் குழாய் வாய் திறந்தே கிடக்கும். வெட்டி முடித்ததும் வால் வைத்த பஞ்சுத் திண்டை குழிக்குள் அமுக்கி, கடிகாரம் பார்த்து மூன்று நிமிஷம். வாலை வாய்க்கு வெளியே கவ்வியால் பிடித்து வைப்பது என் பொறுப்பு. பஞ்சை எண்ணுவதும் என் பொறுப்பு.

டிரைவருக்கு அன்றைக்கு ஒன்றும் வலிக்கவில்லை. கிட்னி ட்ரேயில் நாலு ஸ்பூன் ரத்தம்கூட இல்லை. "இவ்வளவுதானா சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டு வார்டுக்கு நடந்தே போகப் பார்த்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு அட்ரினலின் தேய்ந்தது. வெளுத்துச் சுருங்கிக் கிடந்த குழாய்கள் வாய் திறந்தன. வலியைக் கொன்ற ஊசிதான் ரத்தத்தையும் ஒளித்து வைத்திருந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், குரல்வளை மட்டும் ஏறி இறங்கியது. திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கருப்பு சில்க் நூலில் இரண்டு முடிச்சு. தொண்டையின் ஆழத்தில் முடிச்சுப் போடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வெளியே முடிந்து, முடிச்சை ஒரு நீளக் கம்பியின் நுனியால் தள்ளிக்கொண்டே உள்ளே அனுப்பணும். அதிகம் இறுக்கினால் சதை அறுந்துவிடும், தளர்த்தினால் வழுக்கிவிடும். பெரிய டாக்டர் அந்த நேரம் மூச்சு விட மாட்டார். முடிச்சு உட்கார்ந்ததும் விடுகிற மூச்சில் நெற்றிக் கண்ணாடி ஆடும்.

நூலை ஒழித்தது மின்சாரம். பாஸ்டனில் 1926இல் ஹார்வி குஷிங் மூளை ஆபரேஷனில் போவி என்பவரின் மின்கருவியால் ரத்தக் குழாயைச் சுட்டு அடைத்தார். தொண்டைக்கு அது வர நாளானது, ஏனென்றால் ஈதர் பற்றிக்கொள்ளும். வாய்க்குள் ஈதர் ஆவி, அதற்குள் மின்பொறி, யார் துணிவார்? 1956இல் பற்றாத ஹாலோதேன் புழக்கத்துக்கு வந்த பிறகு மெல்ல மெல்லச் சுடும் இடுக்கி தொண்டைக்குள் நுழைந்தது. நூல், முடிச்சு, தள்ளு கம்பி எல்லாம் அலமாரிக்குப் போயின. தியேட்டரில் ரத்தம் வருவதே குறைந்தது. ஆனால் சுட்ட புண் ஆழம். வலி கூடும், காய்ந்த பொருக்கு உதிரும்போது அடியில் என்ன இருக்கும் என்று தெரியாது. அது பிற்பாடு கணக்காகவே வந்தது, அதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஆஸ்பிரின் கதை. எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

டான்சில் எடுத்த பெரிய ஆளுக்கு வலி முதல் நாளோடு போவதில்லை. பிள்ளைகள் நாலாம் நாள் ஓடும். பெரியவர்களுக்குப் பல வருஷம் பழுத்துப் பழுத்து டான்சில் உறை தசையோடு ஒட்டியிருக்கும். உரிக்கும்போது தசையும் சேர்ந்து புண்ணாகும். புண்ணான தசை விழுங்கும்போதெல்லாம் இழுத்துப் பிடிக்கும். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் ஒரே நரம்பில் கிளை உண்டு என்பதால், காதில் ஈட்டி பாய்ந்த மாதிரி இருக்கும். நாலாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை கூடக் கூட ஏறி, இரண்டு வாரம் வரை இழுக்கும். இதற்கு இங்கிலாந்தில் ஆஸ்பிரினைத் தண்ணீரில் கரைத்துக் கொப்பளித்து விழுங்கச் சொன்னார்கள். அமெரிக்காவில் 1920களிலேயே ஆஸ்பிரின் போட்ட சூயிங்கம் வந்துவிட்டது, அதன் பெயர் ஆஸ்பர்கம். மென்றால் தொண்டைத் தசை இளகும், மருந்தும் புண் மேல் படும். யோசனை என்னவோ அழகுதான்.

கலிபோர்னியாவின் கிளெண்டேல் ஊரில் லாரன்ஸ் கிரேவன் என்று ஒரு சாதாரண ஊர் டாக்டர். டான்சிலும் எடுப்பார். தன் நோயாளிகளில் வழக்கத்துக்கு மீறி ரத்தம் விடுகிறவர்கள் யாரென்று பார்த்தார். அந்தச் சூயிங்கத்தை மென்று மென்று தள்ளியவர்கள். 1945இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழிலும் டான்சிலுக்குப் பிந்திய ரத்தப்போக்குக்கு ஆஸ்பிரின் காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். மற்ற டாக்டர்களாக இருந்தால் சூயிங்கத்தைத் தடுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். கிரேவன் திருப்பி யோசித்தார். தொண்டையில் ரத்தம் உறையாமல் செய்கிற பொருள், இதயத் தமனியில் உறைந்து மாரடைப்பு வராமலும் செய்யுமே! தானே ஒரு நாளைக்கு 12 மாத்திரை தின்று மூக்கில் ரத்தம் வருகிறதா என்று பார்த்தார்; வந்தது. தன் ஆண் நோயாளிகளுக்குத் தினமும் ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்தார். 1950இல் 400 பேரிடம் பார்த்ததாகவும் ஒருவருக்கும் மாரடைப்பு வரவில்லை என்றும் எழுதினார். சிறிய இதழ்கள், ஒப்பிட்டுப் பார்க்க மாத்திரை எடுக்காத ஆட்கள் கிடையாது. பெரிய டாக்டர்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1957இல் அவரே மாரடைப்பில் இறந்தார். 1971இல் ஜான் வேன் ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று காட்டிய பிறகும், பெரிய ஆய்வுகள் வர இன்னும் பல வருஷம் ஆனது.

இன்றைக்கு நம் வீட்டு வயசானவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிற அந்தச் சின்ன மாத்திரைக்கு ஒரு வேர், யாரோ ஒருவரின் டான்சில் குழியில் வழிந்த ரத்தத்தில் இருக்கிறது. அந்த மாத்திரை ரத்தத் தட்டணுவைக் கெடுத்தால் கெடுத்ததுதான். அந்தத் தட்டணு சாகும் வரை, ஏழு முதல் பத்து நாள், சரியாகாது. டான்சில் குழியின் வெள்ளைப் பொருக்கு உதிர்வதும் ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள். முதல் நாள் வலிக்குப் போட்டது ஏழாம் நாள் ரத்தத்துக்கு வழி விட்டுக் காத்திருக்கும்.

நான் இங்கிலாந்தில் காலடி வைத்த சில வாரத்திலேயே, 2001 ஜனவரியில், அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டது. மாட்டு மூளை நோயின் மனித வடிவம் அங்கே பீதியைக் கிளப்பியிருந்த காலம். அந்த நோயைப் பரப்பும் புரதம் நோயாளிகளின் டான்சிலில் இருந்தது. ஆட்டோகிளேவின் வழக்கமான சூட்டில் அது முழுசாகச் சாவதில்லை. ஆகவே டான்சிலுக்கு இனி ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் கருவிகள்தான். பெட்டி பெட்டியாக வந்தன. நான் கையில் எடுத்துப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. பழைய இடுக்கி மூடும்போது ஒரு 'க்ளிக்' கேட்கும், விரலுக்குத் தெரியும். இது தகரப் பொம்மை மாதிரி. கேக் வளைந்தது, இடுக்கியின் இரண்டு நுனியும் நேரே சேரவில்லை. சர்ஜன் ஒருவர், நல்ல மனுஷர், மூன்றாவது இடுக்கியையும் தரையில் போட்டுவிட்டு, "சிஸ்டர், உங்க ஊர்ல பழசு ஏதாவது இருந்தா தபால்ல வரவழைங்க" என்றார். அவர் கிண்டல் செய்தார், எனக்கோ எங்கள் தியேட்டர் அலமாரியின் அந்தத் தள்ளு கம்பி கண்ணில் நின்றது.

ரத்தப்போக்கு கூடுகிறது என்று நாடு முழுவதிலும் இருந்து புகார் போனது. கருவி வழியே யாருக்கும் வந்ததாகத் தெரியாத, வரக்கூடும் என்று பயந்த ஒரு தொற்றைத் தடுக்கப் போய், கண் முன்னால் இருந்த ஆபத்தைப் பெருக்கினார்கள். அந்த வருஷம் டிசம்பரில் இங்கிலாந்தில் பழைய கருவிகளுக்கே திரும்பச் சொன்னார்கள். அந்தப் பதினொரு மாதக் குழப்பத்தில் ஒரு நன்மை: எண்ணிப் பார்க்கத் தோன்றியது. 2003 ஜூலையிலிருந்து 2004 செப்டம்பர் வரை நாட்டின் ஆஸ்பத்திரிகளில் நடந்த டான்சில் ஆபரேஷன்களைத் திரட்டினார்கள். மொத்தம் 33,921 பேர். அதற்கான படிவங்களில் சில நூறு என் கையெழுத்திலும் இருக்கும். ரத்தப்போக்கு ஐந்து வயசுக்குள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் கீழே. பதினாறு வயசுக்கு மேல் 4.9. ஏறத்தாழ இருபது பெரியவர்களில் ஒருவர். சுட்டு உரித்த நோயாளிகளுக்கு, கத்தியால் உரித்து நூலால் முடிந்த நோயாளிகளைவிட இரண்டு மூன்று மடங்கு ஆபத்து. தியேட்டரில் ரத்தமே இல்லாமல் பளிச்சென்று இருந்ததே, அந்தச் சுகத்தின் விலையை ஆறாம் நாளோ ஏழாம் நாளோ நோயாளி வீட்டில் கட்டியிருக்கிறார். அறிக்கையைப் படித்த இரவு எங்கள் பெரிய டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் அதற்குள் ஓய்வு பெற்று, கைநடுக்கத்தில் இருந்தார். பதிலாக ஒரு கார்டு வந்தது, கோணல் எழுத்தில் ஒரே ஒரு வரி: "முடிச்சு போடத் தெரிஞ்சவன் இன்னும் இருக்கானா?"

ரத்தத்தோடு வருகிறவர்களை அங்கே ராத்திரியில்தான் பார்ப்போம். ஒரு பெண், இருபத்தைந்து இருக்கும், பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எட்டாம் நாள். பிரட்டின் ஓரம் குத்தியதாம். உட்கார்த்தி வைத்து, முன்னால் குனிய வைத்து, விழுங்காமல் துப்பச் சொல்லி, கையில் பெரிய ஊசியாகப் போட்டு சலைன் ஏற்றி, ரத்தப் பிரிவுக்குச் சாம்பிள் அனுப்பி, ஹைட்ரஜன் பெராக்சைடு கொப்பளிக்க வைத்தோம். பலருக்கு இதோடு நிற்கும். நிற்காவிட்டால் தியேட்டர். அப்போது பயப்படுகிறவர் மயக்க டாக்டர்தான், வயிறு முழுக்க விழுங்கிய ரத்தத்தோடு மயக்கம் கொடுக்கணும். அவளுக்கு நின்றது. விடியற்காலையில் அவளோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, நாலாம் நாளிலிருந்து வலி தாங்காமல் சாப்பாட்டையே நிறுத்தியிருக்கிறாள். தொண்டை காய்ந்து, பொருக்கு தடித்து, எட்டாம் நாள் பசி தாங்காமல் பிரட்டைக் கடித்திருக்கிறாள். வலியை அடக்காமல் விட்டாலும் கடைசியில் ரத்தம்தான்.

வலி மாத்திரைகளின் பஞ்சாயத்து இன்னும் தீர்ந்தபாடில்லை. கோடீன் என்ற மருந்தைச் சிலரது கல்லீரல் மிக வேகமாக மார்பினாக மாற்றிவிடுகிறது. டான்சில் எடுத்த பிள்ளைகள் சிலர் தூக்கத்திலேயே மூச்சு நின்று இறந்தபின், 2013இல் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு டான்சிலுக்குப் பிறகு அதைக் கொடுக்கக் கூடாது என்று கறுப்புக் கட்டத்தில் எச்சரித்தார்கள். கெட்டரோலாக் பெரியவர்களுக்கு ரத்தப்போக்கைக் கூட்டும் என்று ஒதுக்கினார்கள். ஐபுப்ரோஃபென் அவ்வளவு கெட்டதில்லை என்று ஒரு கட்சி, நான் எழுத மாட்டேன் என்று ஒரு கட்சி. தியேட்டரிலேயே ஒரு தடவை டெக்சாமெத்தசோன் போட்டால் வாந்தியும் வலியும் குறைவதில் மட்டும் பெரிய சண்டை இல்லை. பாராசிட்டமாலை வலித்தால் போடு என்று எழுதினால் பிரயோசனம் இல்லை, மணி பார்த்துப் போடணும். இது நான் வார்டில் கற்றது.

போன வருஷம் என் தம்பி மகனுக்கு நாகர்கோவிலிலேயே டான்சில் எடுத்தார்கள். வயசு 29. ஐஸ்கிரீமோடு மூன்று நாள் சந்தோஷமாக இருந்தான். ஐந்தாம் நாள் போன் வந்தது. "அத்தே, தொண்டைய விட காதுதான் வலிக்கு. காதுல ஏதோ ஆயிட்டுன்னு நெனக்கேன். வாய்க்குள்ள வெள்ளையா சீழும் இருக்கு." சீழ் இல்லை, பொருக்கு என்று சொல்லியும் மனசு கேட்காமல் பஸ் ஏறினேன். சாப்பாட்டு மேசையில் அவன் மாத்திரைகளும் அவன் அப்பாவின் இதய மாத்திரைகளும் ஒரே டப்பாவில் கிடந்தன. முதல் காரியமாக என் தம்பியின் ஆஸ்பிரின் அட்டையை எடுத்து என் பைக்குள் போட்டேன். மாத்திரை வேளைகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஒட்டினேன். மாத்திரை போட்டு அரை மணி கழித்து, ஆறின குழைந்த சோற்றை மென்று தின்ன வைத்தேன். அழுதுகொண்டே தின்றான்.

ஏழாம் நாள் ராத்திரி அவன் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். டார்ச்சைப் போர்வை மேல் சாய்த்து வைத்தேன். இரண்டு மணி சுமாருக்கு ஒரு தடவை விழுங்கினான். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. எழுப்பி, "துப்பு மக்ளே" என்று கிண்ணத்தை நீட்டினேன். வெளிச்சத்தில் பார்த்தேன். எச்சில்தான், ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணுக்கு.

"என்ன அத்தே?" என்றான்.

"ஒண்ணும் இல்ல. தண்ணி ரெண்டு மடக்கு குடிச்சிட்டுப் படு."